முதலிடத்தில் கொத்துச் சாவி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது,

நானும் அம்மாவும் நலம். நீ, உன் மனைவி, சின்னக்குட்டி மூவரும் நலமாக இருக்கவேண்டும். ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று நீ ஒரு வரி போட்டிருக்கலாம். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள், தண்ணீர்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

நீ வந்துபோனதில் எனக்குச் சந்தோஷம்தான். ரெக்கார்டரைச் சமையல் மேடைமேல் வைத்து, "உங்க லாண்டரியில என்னென்ன பாடுவீங்களோ எல்லாத்தையும் பாடுக்கா" என்று நீ கேட்டபோது முதலில் வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டியது நினைவிருக்கிறதா? ஆனால் உன் 'நாலு தெரு' பாட்டுக் குழு கலைந்துவிடும்போல இருக்கிறது என்று சொன்னபோது உன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அதற்காகத்தான் பாடினேன். போர்வை மடிக்கிற பாட்டு, மூட்டை பிரிக்கிற பாட்டு, சம்பள நாள் பாட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். என் கூட்டாளிகளிடம் கேட்டுவிட்டேன். யாருக்கும் மறுப்பில்லை.

கடைசியாகப் பாடியதை மட்டும் அழித்துவிடு. அந்தக் கொத்துச் சாவிப் பாட்டு ஏதோ பேச்சுவாக்கில் வாயில் வந்துவிட்டது. அது வெளியே போகிற பாட்டு இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீயும் பொத்தானை அமுக்கிவிட்டதாகச் சொன்னாய். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்த மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். போனில் கேட்டால் "லைன் சரியில்லைக்கா" என்பாய். காகிதத்தில் லைன் கெடாது. அழித்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு. சின்னக்குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 4

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

கடிதம் எழுதவே நேரமில்லை. ஒரு பெரிய கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டுவிட்டது! ஸ்டூடியோ என்றால் அப்படி ஒரு ஸ்டூடியோ. சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் நம் நெஞ்சுத் துடிப்பு நமக்கே கேட்கும். ஏசி குளிரில் எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டுதான் பாடுகிறோம். எங்கள் சவுண்ட் இன்ஜினியர் கெட்டிக்காரர். பாட்டுக்கு நடுவே வருகிற மூச்சுச் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுகிறார். "மூச்சை எடுத்துட்டா பாட்டு எப்படிங்க உயிரோட இருக்கும்?" என்று நான் கிண்டல் செய்தேன். "இப்பல்லாம் அப்படித்தான் சார் இருக்கு" என்றார்.

அட்டைப் படம் எடுத்தார்கள். மேக்கப்காரர் வந்து எங்கள் முகத்தில் மண் பூசினார். "மண்ணு வாசனை இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்று மேனேஜர் சொல்லவும், சட்டையிலும் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டார்கள். ஆல்பத்துக்கு 'வேர்வை' என்று பெயர் வைத்திருக்கிறோம். உழைக்கிறவர்களின் குரல். உனக்குத்தான் சமர்ப்பணம் செய்யவேண்டும் என்று மனதில் இருக்கிறது.

அம்மாவிடம் சொல். சின்னக்குட்டி உங்களை விசாரித்தாள்.

அன்புத் தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம், அங்கே நலமா? ஒத்தடம் கொடுக்கிறேன். முழங்கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

வேர்வை என்று பெயர் வைத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு பாடுகிறீர்களா? எங்களைக் கேட்டிருந்தால் வாளி வாளியாகப் பிடித்துக் கொடுத்திருப்போமே. மண் பூசிக்கொண்டதைப் படித்து என் எதிர்முனை வயிறு வலிக்கச் சிரித்தாள். எதிர்முனை யாரென்று மறந்திருப்பாய். போர்வை மடிக்கும்போது மறு நுனியைப் பிடிக்கிறவள். இத்தனை வருஷமாக அவள் பிடித்த நுனியைத் தளரவிட்டதில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். அதனால் அந்தப் பாட்டு எதற்கென்று இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் உருளை இஸ்திரி, மறு கோடியில் அழுக்குத் துணி பிரிக்கிற இடம். அதை ஒட்டினாற்போலத் துணிக்கிடங்கின் கதவு. கிடங்குச் சாவி சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கும். அதனால் எங்களுக்கு அந்த ஆள் 'சாவிக்கொத்து'. கோடியில் தனியாக எந்தப் பெண் நிற்கிறாளோ, அதுவும் புதிதாக வந்த பெண்ணாக இருந்தால், "கிடங்குல ஒரு எண்ணிக்கை பாக்கணும், வா" என்று கூப்பிடுவான். உள்ளே போனவர்கள் எண்ணிவிட்டு வந்ததில்லை. அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவள் வேலையை விட்டுப் போனாள். அவன் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே அவன் நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பக்கம் நடந்தால், முதலில் பார்க்கிறவள் அந்தப் பாட்டை எடுப்பாள். மெஷின் சத்தத்தில் வார்த்தை பக்கத்து ஆளுக்கே கேட்காது. மெட்டு மட்டும் கோடிவரை போகும். காதில் விழுந்ததும், தனியாக நிற்கிறவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நடுவே எங்களிடம் வந்து நின்றுவிடவேண்டும். அவ்வளவுதான் எங்கள் சட்டம். அவனுக்கு அது ஏதோ பொம்பளைகள் பாடுகிற பாட்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைக் காப்பாற்றியதும் அதுதான். இப்போது ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், புதுசு என்று கூப்பிடுகிறோம். போன வாரம்தான் அவளுக்கு மெட்டு பிடிபட்டது.

அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடு, நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அக்கா


மே 22

என் அருமை அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நீயும் அம்மாவும் நலந்தானே? அம்மா முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நல்ல தைலம், எங்கள் மேளக்காரர் தோளுக்குப் போடுவது.

ரேடியோ கேட்டிருப்பாய். 'வேர்வை' முதலிடம்! வாரப் பட்டியலில் வந்த நாளிலிருந்து இறங்கவே இல்லை. கல்யாண வீடு, கல்லூரி, டீக்கடை, எங்கே போனாலும் நாங்கள்தான். கலைந்துபோக இருந்த குழு, இன்றைக்குத் தேதி கொடுக்க முடியாமல் திண்டாடுகிறது. எல்லாம் உன் ஆசீர்வாதம். சின்னக்குட்டி பள்ளிக்கூட விழாவில் எங்கள் பாட்டுக்குத்தான் ஆடினாள். இடுப்பில் எதையோ கட்டிக் குலுக்கிக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினாள் தெரியுமா!

சிடி ஒன்று இதோடு இருக்கிறது. முதல் பாட்டில் மட்டும் சத்தம் கொஞ்சம் சரியில்லை. அதைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து போட்டுக் கேளுங்கள். போர்வை மடிக்கிற பாட்டு ஐந்தாவதாக வருகிறது, அதில் உன் கூட்டாளிகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்.

அவசரமாக எழுதுகிறேன், வண்டி கீழே நிற்கிறது.

அன்புத் தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நலமாக இருப்பதை ரேடியோ மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீ தள்ளிவிடச் சொன்ன முதல் பாட்டை நான் சிடியில் கேட்கவில்லை. உன் பார்சல் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். எங்கே தெரியுமா? அவன் இடுப்பில். திங்கட்கிழமை காலை துணி பிரிக்கிற பக்கம் அவன் போய்க்கொண்டிருந்தான். எதிர்முனை வாயைத் திறப்பதற்குள் எங்கள் மெட்டு கேட்டது. யார் பாடுவது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். புதுசு பிடித்திருந்த மூட்டையைப் போட்டுவிட்டு நடுவே ஓடி வந்தாள், பாவம், சட்டப்படி. அவன் சிரித்தான். "என்னம்மா, பாட்டுக் கேட்டதும் டான்ஸா?" என்று கேட்டுக்கொண்டே, சாவிக்குப் பக்கத்தில் செருகியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தான். உன் பாட்டுதான் அவன் போனில் மணியாக அடிக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழுசாகக் கேட்டேன். இது எங்களுடையது:

கொத்துச் சாவி குலுங்குது கேளு
கோணி மூட்டையைக் கீழே போடு
கதவுப் பக்கம் போகாதே
கையைக் காட்டினா நம்பாதே
எட்டி நிக்கிற சின்னப் புள்ள
எங்க நடுவுல வந்து நில்லு

இது உன்னுடையது:

கொத்துச் சாவி குலுங்குது கேளு
கொஞ்சம் நாணம் கீழே போடு
கதவைச் சாத்திப் போகாதே
கண்ணைக் காட்டி ஏய்க்காதே
எட்டி நிக்கிற சின்னப் புள்ள
என்னோட நெஞ்சில வந்து நில்லு

நீ பாடியிருக்கிற குழைவு இருக்கிறதே! அவன் பாடினால் எப்படிப் பாடுவானோ அப்படியே பாடியிருக்கிறாய். எங்களைப் பிடிக்க வருகிறவனைக் காதலனாக்கிவிட்டாய். ஓடுகிறவளை வெட்கப்படுகிறவளாக்கிவிட்டாய். நான் சீழும் மலமும் தோய்ந்த துணியைக் கையால் பிரித்துவிட்டு அதே கையைக் கழுவிச் சாப்பிடுகிறவள். எனக்குக் குமட்டல் என்பதே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு உன் பாட்டைக் கேட்டுப் பின்கட்டில் போய் வாந்தி எடுத்தேன். அம்மாவிடம் வெயில் என்று சொன்னேன். அவள் காரணம் தெரியாமல், மகன் பாட்டு என்று ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய் போனால்கூடப் பரவாயில்லை. இப்போது கூடம் முழுக்க எந்நேரமும் அந்த மெட்டுதான். துணி கொண்டுவருகிற வண்டிக்காரர் சீட்டியடிக்கிறார், பூட்ஸ் துடைக்கிற காவல்காரர் முணுமுணுக்கிறார். எது பாட்டு, எது எச்சரிக்கை என்று எங்களுக்கே தெரியவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, இல்லையா?

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா முழங்காலுக்குத் தைலம் கேட்டதா?

உன் கடிதம் படித்து எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ கொஞ்சம் நிதானமாக யோசிக்கவேண்டும். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏது அக்கா சொந்தக்காரர்? காற்று மாதிரி அது. யாரோ கட்டினார்கள், நீங்கள் பாடினீர்கள், நான் பாடினேன், நாளைக்கு வேறொருவர் பாடுவார். அந்த வார்த்தைகளோடு பாடியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கம்பெனிக்காரர்களுக்கு மெட்டு பிடித்திருந்தது, வார்த்தை "கொஞ்சம் இருட்டா இருக்கு" என்றார்கள். கவிஞர் ஒருவரை உட்காரவைத்து மாற்றினோம். உங்கள் இடத்தின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. அந்த ஆளையும் சொல்லவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரிகள். இன்னொரு பாட்டுக் கட்டிக்கொள்ளமாட்டீர்களா? புதிதுபுதிதாகக் கட்டுவதுதானே நாட்டுப்புறக் கலையின் அழகே.

கோபத்தை மறந்துவிடு. ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு எங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் வருகிறேன். அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்துப் பாடவேண்டும் என்று எத்தனை நாள் ஆசை!

அன்புத் தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

சாவிக்கொத்து தன் காசில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து கூடத்தில் மாட்டினான். "பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை செஞ்சா அலுப்பு தெரியாது" என்றான். நல்ல மனுஷன் என்று மேலதிகாரி பாராட்டினார். நாள் முழுக்க உன் ஆல்பம். வியாழக்கிழமை நான் உருளையில் போர்வையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் கோடிக்குப் போய்விட்டான். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து தொண்டை கிழியப் பாடினோம். புதுசு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடுகிறோம் என்று நினைத்துவிட்டாள். தலையை ஆட்டித் தாளம்கூடப் போட்டாள். அப்படியே அவன் பின்னால் எண்ணிக்கை பார்க்கப் போனாள்.

நாங்கள் போய்க் கதவை உடைக்காத குறையாகத் தட்டினோம். திறந்தபோது அவள் சட்டைக் கையில் ஒன்று கிழிந்திருந்தது. உங்கள் சட்டையைக் கிழித்து அழகு பார்த்தீர்களே, அப்படி இல்லை. அவள் தொட்டிக்குப் போய் முழங்கைவரை கழுவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் போனவள் வேலைக்கு வரவில்லை.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிர்வாக அதிகாரியிடம் போனோம். அவர் மேசைமேல் உன் சிடி இருந்தது. "அவர் ஜாலியான ஆள்மா. பாட்டுப் பாடி விளையாடியிருப்பார், நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க" என்றார். நாங்கள் வெளியே வரும்போது பின்னாலிருந்து அவர் முணுமுணுப்பது கேட்டது. என்ன பாட்டு என்று உனக்கு நான் எழுதவேண்டியதில்லை.

பாட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்கமாட்டேன். வாயிலிருந்து போனது போனதுதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழாவில் அந்த அதிகாரி இருப்பார், டாக்டர்கள் இருப்பார்கள், நர்சுகள் இருப்பார்கள். நாங்கள் சொன்னால் காதில் ஏறாது, நீ சொன்னால் ஏறும். அந்தப் பாட்டைப் பாடுவதற்கு முன் இது யார் கட்டிய பாட்டு, எதற்காகக் கட்டிய பாட்டு என்று நீ சொல்லவேண்டும். பெயர்கூட வேண்டாம். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

நீ சொன்னால் புதுசு திரும்பி வருவாள். எதிர்முனை அவளிடம் பேசிவைத்திருக்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படிக்கவே முடியவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? அம்மா எப்படி இருக்கிறாள்? முழங்கால் தேவலையா?

நீ சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன். மேடையில் பேசுவதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்கிறது அக்கா. எதை எப்போது பேசுவது என்பதை மேனேஜர்தான் முடிவு செய்கிறார். விழா நடக்கிற இடத்தில் அவர்களையே சங்கடப்படுத்தினால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள் என்பார். இருந்தாலும் பார்க்கிறேன். கட்டாயம் ஏதாவது செய்கிறேன். உன் தம்பியை நம்பு.

முன் வரிசைக்குப் பாஸ் அனுப்பியிருக்கிறேன். உன் கூட்டாளிகள் எல்லோருக்கும் சேர்த்து.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

விழா முடிந்ததும் எங்களைப் பார்க்காமல் வண்டியேறிவிட்டாய். களைப்பாக இருந்திருக்கும். மேடையில் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், முன் வரிசை தெரிந்திருக்காது என்று அம்மா சமாதானம் சொன்னாள். அதனால் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சலவைக்கூடத்துக்காரிகள் எல்லோரும் துவைத்த சேலை கட்டி, நீ அனுப்பிய பாஸோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். புதுசு எங்களோடு உட்காரவில்லை. சாவிக்கொத்துக்கும் முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆகவே அவள் பின்னால் கதவோரம் நின்றாள். நீ வந்தாய். மண் பூசிய முகம், அதே கிழிந்த சட்டை. "இது உழைக்கிற மக்களோட பாட்டு!" என்றாய். நான் எதிர்முனை கையைப் பிடித்துக்கொண்டேன், சொல்லப்போகிறான் என்று. "எல்லாரும் கைதட்டுங்க!" என்றாய். அவ்வளவுதான்.

முதல் அடி பாடினாயோ இல்லையோ, அந்த ஆள் சாவிக்கொத்தைக் கழற்றிக் கையில் குலுக்கிக்கொண்டு மேடை ஏறினான். கூட்டம் விசிலடித்தது. உனக்கு அவன் யாரென்று தெரியாது என்று சொல்லாதே. சாவியைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய், பிறகு எங்களைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவன் தோளில் கை போட்டு ஆடினாய்.

நீங்கள் எல்லா ஊரிலும் மூன்றாவது அடியில் மேளத்தை நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவீர்களாமே. நீட்டினாய். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. எதிர்முனைதான் எடுத்தாள். மெஷினுக்கு மேலே பாடுகிற தொண்டைகள், மெஷின் இல்லாத மண்டபம். "கதவுப் பக்கம் போகாதே, கையைக் காட்டினா நம்பாதே" என்று நாங்கள் பாடியது கூரையில் போய் முட்டியது. விசில் நின்றது. அவன் கையில் சாவி குலுங்குவது நின்றது. திரும்பிப் பார்த்த அத்தனை முகத்தையும் நான் பார்த்தேன். இன்னும் இரண்டு அடிதான் பாக்கி.

நீ கையை உயர்த்தினாய். மேளக்காரர் அடித்தார்.

மிச்சத்தைப் பாடினோம், எங்கள் காதுக்கே கேட்கவில்லை. ஆனால் புதுசுக்கு அடுத்த அடி தெரியும். கதவோரத்திலிருந்து அவ்வளவு கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றாள். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். "யாருடி இவ? என்ன நடக்குது இங்க?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போய் முதலிலிருந்து சொன்னேன். அவள் அன்றைக்குத் தைலம் வேண்டாம் என்றுவிட்டாள்.

எனக்கு அந்த ஆள்மேல் வருவது கோபம்தான். அது பழகின கோபம். உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என் கையால் சோறு ஊட்டிய பிள்ளையைப் பற்றி இப்படி எழுதவேண்டியிருக்கிறதே என்று அதுவும் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தொண்டை கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி ஒன்றுமில்லை.

அன்றைக்கு நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். தாளம் தொய்வதுபோல இருந்தது, அதனால் பழக்கத்தில் கை போய்விட்டது. மேடையில் நிற்பவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அந்த ஆள் தானாக ஏறி வந்தால் நான் பிடித்துத் தள்ளவா முடியும்?

ஆனால் நீங்கள் பாடியது எங்கள் மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மயிர்க்கூச்செறிந்தது என்கிறார். அந்த வார்த்தைகளோடு 'உண்மை வடிவம்' என்று தனியாக ஒன்று வெளியிடலாம் என்பது அவர் யோசனை. உங்கள் எல்லோர் குரலும் வேண்டும். அந்தப் பெண்ணும் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும், முகம் காட்டவேண்டியதில்லை. இப்போதெல்லாம் இந்த மாதிரி விஷயத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. நீ கேட்டதும் இதுதானே? உண்மை வெளியே வரவேண்டும் என்றுதானே கேட்டாய்?

அதோடு இரண்டாவது ஆல்பத்துக்கும் பாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கூடத்தில் புதிதாக ஏதாவது பாடுகிறீர்களா? ரெக்கார்டரோடு நானே வருகிறேன்.

அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே மாட்டேன் என்கிறாய்.

தம்பி


அக்டோபர் 12

தம்பிக்கு,

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொளுத்தினவனே வந்து பிடுங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் பெண் நாலு வார்த்தை பேசவேண்டியவர்களிடம் பேசிவிட்டாள். விழாவுக்கு மறுநாள் தலைமை நர்ஸ் கூடத்துக்கு வந்தார். "நீங்க நேத்து பாடினது என்ன? முழுசா பாடுங்க" என்றார். மெஷினை நிறுத்திவிட்டுப் பாடிக்காட்டினோம். கேட்டு முடித்ததும் அன்றைக்குத்தான் எங்களோடு வேலைக்குத் திரும்பியிருந்த புதுசைக் கையோடு கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனார். தங்களிடமும் கைநீட்டியிருக்கிறான் என்று இரண்டு நர்சுகள் அவரோடு போனார்கள். கிடங்குச் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இப்போது அது எங்கள் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆளை வேலையை விட்டு அனுப்பவில்லை. சமையல்கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் பெண்கள்தான். நானும் எதிர்முனையும் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தோம்.

புதிதாக ஏதாவது பாடுகிறோமா என்று கேட்டிருந்தாய். பாட்டை நிறுத்திவிட்டோம். புது சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று இன்னும் தெரியாது. வேண்டாத ஆள் யார் வேண்டாத பக்கம் நடந்தாலும் உருளையின் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுகிறோம். ஒன்றை நிறுத்தினால் மற்ற மெஷின்களையும் அங்கங்கே நிற்கிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடம் அப்படி ஊமையாகி நாங்களே பார்த்ததில்லை. ஆவி மட்டும் மேலே போகும். எல்லோரும் திரும்பி அந்த ஆளைப் பார்ப்போம். பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பது இப்போது புதுசு. அவளை இனிமேல் அப்படிக் கூப்பிடுவது சரியில்லை, வேறு பெயர் வைக்கவேண்டும்.

உனக்கு வேண்டுமானால் ரெக்கார்டரோடு வந்து அதைப் பிடித்துக்கொண்டு போ. அதில் உன் இன்ஜினியர் பொறுக்கி எடுக்க மூச்சுகூட இருக்காது.

அம்மா முழங்காலைக் கேட்டிருந்தாய். பரவாயில்லை. தண்ணீர் குடிக்க எழுந்திருக்காதவள், ரேடியோவில் உன் பாட்டு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்துபோய் அணைத்துவிடுகிறாள்.

அக்கா